அராவிய பல்லுக்கு யார் பொறுப்பு?

பிரிட்டனில் சில ஆண்டுகளாக 'துருக்கிப் பற்கள்' என்றொரு பேச்சு அடிபடுகிறது. இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் அந்தால்யாவுக்கோ இஸ்தான்புல்லுக்கோ விமானம் ஏறுகிறார்கள். ஒரு வாரத்தில் ஒரே வரிசையாய், ஒரே வெள்ளையாய் மின்னும் பற்களோடு ஊர் திரும்புகிறார்கள். இடையில் நடந்ததைச் சிலர் செல்போனில் படம் பிடித்துப் பரப்பியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. சொத்தை ஏதும் இல்லாத முன்பற்கள் நாலா பக்கமும் அராவப்பட்டு, கூம்பிய சிறு முளைகளாக ஈறில் நிற்கின்றன. அவற்றின் மேல்தான் 'கிரவுன்' எனப்படும் கேப் உட்காரப்போகிறது. 2022இல் பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கம் ஆயிரம் பல் மருத்துவர்களிடம் விசாரித்தது. வெளிநாட்டில் பல் வைத்தியம் செய்துகொண்டு சிக்கலோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்திருப்பதாக அவர்களில் 86 விழுக்காட்டினர் கூறினார்கள்.

இங்கே அறம் எந்தப் பக்கம் என்பதில் தயங்க ஒன்றுமில்லை. நலமாக இருக்கும் பல்லைக் காசுக்காக அராவுவது மருத்துவம் ஆகாது. நோயாளியே கேட்டார், கையெழுத்தும் போட்டார், விலையும் மலிவு என்று எத்தனை சமாதானம் சொன்னாலும் ஆகாது. முதல் பொறுப்பு கருவியைக் கையில் எடுத்தவருக்கு. பின்விளைவைச் சுமக்க முடியாத இடத்தில் அவர் அதை எடுக்கவே கூடாது.

காரணம், உடலின் இயல்பு. தோல் கிழிந்தால் மூடிக்கொள்ளும். எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் எனாமல் மட்டும் போனால் போனதுதான். 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முழு கேப் போடுவதற்காக அராவும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு வரை போய்விடுகிறது. முகப்பில் மட்டும் ஒட்டும் மெல்லிய வேனீருக்கு இழப்பு மிகக் குறைவு. பலர் வேனீர் என்று நம்பிப் போய், கேப்போடு திரும்பியிருக்கிறார்கள். தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுத்தார் வள்ளுவர். ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்து, வாழ்நாள் முழுவதற்கும் ஈடுசெய்ய முடியாத இழப்பை உண்டாக்கும் பேச்சை அந்த இலக்கணத்தின் எந்த மூலையிலும் பொருத்த முடியாது. விளங்காமல் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. விளங்கியே கொடுத்தாலும், இருபத்தைந்து வயதில் போட்ட கேப்பை ஆயுளில் இன்னும் எத்தனை முறை மாற்ற வேண்டிவரும், உள்ளே நரம்பு செத்தால் ரூட் கெனால் எப்படி வரும் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லாத மருத்துவர் கடமை தவறியவரே.

அடுத்தது காலம். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்று குறளின் மருந்து அதிகாரம் விதிக்கிறது. பல் போன இடத்தில் தாடையில் உலோகத் திருகை நட்டு அதன் மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் சிகிச்சைக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். 1965இல் சுவீடன் மருத்துவர் பெர் இங்வார் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகைத் தாடையில் பொருத்தியபோது நம்பியிருந்தது எலும்பின் பொறுமையை. எலும்பு அந்த உலோகத்தைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்தலாம். அது யாருக்கு என்பதைத் தாடை எலும்பு தீர்மானிக்க வேண்டும். திரும்பும் விமானத்தின் தேதி தீர்மானிக்கக் கூடாது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு சொன்னார் வள்ளுவர். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இந்த நான்கையே சிகிச்சையின் நான்கு கால்கள் என்கிறது. விமான நிலையத்துக்கு வரும் கார், ஓட்டல் அறை, செல்போனில் இனிக்க இனிக்கப் பேசும் ஏஜென்ட் எல்லாம் வெளிநாட்டுப் பல் சிகிச்சைப் பேக்கேஜில் உண்டு. ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ள மட்டும் ஆள் கிடையாது. ஈறு வீங்கி உள்ளூர் பல் டாக்டரிடம் போனால் அவர் கைவைக்கத் தயங்குகிறார். எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட் என்று தெரியாமல் அதற்கேற்ற திருகையோ கருவியையோ அவர் எங்கே தேடுவார்? எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் கடல் தாண்டி இருக்கின்றன. நான்கு காலில் ஒன்றை முறித்துவிட்டுச் செய்யும் சிகிச்சை எப்படி நிற்கும்?

வைத்தியத்தைக் கடைச்சரக்காக விற்றுப் பிழைப்பவன் பொற்குவியலை விட்டுவிட்டுப் புழுதிக் குவியலை நாடுகிறான் என்று சரகர் எச்சரித்தார். உதவு, இல்லையேல் தீங்காவது செய்யாதிரு என்றது கிரேக்கத்து ஹிப்போகிரட்டஸ் மரபு. வணிகத்துக்கும் அறம் உண்டு. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொன்னது குறள். மிகையாகக் கொள்ளாத, குறைத்துக் கொடுக்காத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடியது பட்டினப்பாலை. அடுத்தவன் பல்லைத் தன் பல்லாக நினைக்கும் மருத்துவர், நல்ல பல்லை இப்படி அராவுவாரா?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பல் மருத்துவமனை அரசுச் சேவை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள, நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். பல்லிழந்து மெல்ல முடியாதவர் மலிவான ஊரைத் தேடிப் போவதைக் குறை சொல்ல முடியாது. துருக்கியிலும் தேர்ந்த மருத்துவர்கள் உண்டு. ஆனால் வலிக்கு வழி தேடுவதும் வெண்மைக்கு ஆசைப்படுவதும் ஒன்றாகிவிடா. முன்னதன் நியாயத்தைக் காட்டிப் பின்னதன் வியாபாரத்தைக் காப்பாற்ற முடியாது.

இந்த அறம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. விடுமுறையில் சென்னைக்கு வந்து பல் வேலையை முடித்துக்கொண்டு போகும் வெளிநாட்டுத் தமிழருக்குக் கேப் போடும் மருத்துவரையும் இது கட்டுப்படுத்தும்.

ஆகவே மருத்துவர்களே, வேண்டாத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும். செய்வதாக இருந்தால் மாற்று வழிகளையும் இழப்பையும் நோயாளியின் மொழியில் விளக்குங்கள். எக்ஸ்ரேயையும் இம்ப்ளான்ட் விவரத்தையும் கையில் கொடுத்தனுப்புங்கள். பழுது வந்தால் யார் பார்ப்பார், யார் செலவு ஏற்பார் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். இளைஞர்களே, பிறர் சிரிப்பைப் பார்த்து உங்கள் பல்லை வெறுக்காதீர்கள். ஆள்பவர்களே, சொந்த மக்களின் பல்வலிக்கு உள்ளூரில் வழி செய்யுங்கள். செய்த வேலைக்குக் கடைசிவரை பதில் சொல்பவரே மருத்துவர். அதற்கு மனமில்லாதவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பிறர் வாயில் கை வைக்க உரிமை இல்லாதவர்.