இரண்டாம் இழை

மனிதன் தன்னைத் தானே அளந்துகொள்ள இயலுமா? உள்ளம் கோணியிருக்குமாயின், அதே உள்ளத்தைக் கொண்டு அக்கோணலை எங்ஙனம் அறிவது? அறநூலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவுக்குப் பாலம் கட்டுவோரிடம் ஒரு விடை உண்டு.

சுமையேறும் பாலம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீள்கிறது, சுருங்குகிறது. இதனை அளக்கச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1990களில் ஒரு முறையை உருவாக்கினர். ஒரே குழாயினுள் மயிரிழையை ஒத்த இரு கண்ணாடி இழைகள். ஒன்று பாலத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டு, அது நீண்டால் தானும் நீளும். மற்றொன்று அருகே தளர்வாகக் கிடக்கும். ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து இரு இழைகளிலும் சென்று, முனையில் எதிரொளித்துத் திரும்பி ஒன்றுசேர்கிறது. அலையின் முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் குன்றும். இக்குறுக்கீட்டைக் கொண்டு, மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரு கூறு அளவான மாற்றத்தையும் அறியலாம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள வெர்சுவா பாலத்தில் இத்தகைய உணரிகள் நூற்றுக்கு மேல் பொருத்தப்பட்டன.

தனித்த ஓர் இழை, தன்னில் நேர்ந்த மாற்றம் வெயில் தன்னைத் தொட்டதாலா, பாலம் இழுத்ததாலா என அறியாது. இரண்டாம் இழையோ அதே வெயிலையும் குளிரையும் ஏற்கிறது. பாலத்தின் இழுப்புக்கு மட்டும் உட்படுவதில்லை. எனவே இழைகளின்மேல் வெப்பம் நேரே விளைவிப்பது இருபுறமும் சமமாகிக் கழிய, பாலத்தின் நீட்சியும் சுருக்கமும் மட்டும் எஞ்சுகின்றன.

மனச்சான்றின் நிலையும் இத்தகையதே. வாழ்வுக்கு வெளியே தொலைவில் நின்று தீர்ப்பிடும் மனச்சான்று நம் வெயிலை அறியாது. அதன் தீர்ப்பு கொடியதாகும். ஆதாயத்தோடு பிணைந்த மனச்சான்றோ நம்மோடு சேர்ந்தே நீண்டு, "வேறுபாடு ஏதுமில்லை" எனச் சான்று கூறும். "எல்லாரும் வாங்குவதுதானே" என்று கையூட்டுப் பெறுவோர் கொள்ளும் அமைதி இவ்வகையினது. நம் வறுமையையும் அச்சத்தையும் உடனிருந்து அறிந்து, அவற்றின் விலைக்கு மட்டும் போகாத ஒரு குரல் நமக்கு வேண்டும். அது உள்ளத்தின் குரலாகலாம். கடிந்துரைக்கும் நண்பரின் சொல்லாகவும் இருக்கலாம்.

ஆயினும் அறிதல் மட்டும் போதுமா? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்டு 1 அன்று மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் மாண்டனர். இணைப்புத் தகடுகள் வேண்டிய கனத்தில் ஏறத்தாழப் பாதியே இருந்தன என விசாரணை கண்டது. தகடுகள் சில வளைந்திருந்தமை 2003ஆம் ஆண்டின் நிழற்படங்களிலேயே பதிவாகியிருந்தது. எவரும் அதனை ஆபத்தெனக் கொள்ளவில்லை. 2008இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், ஒளியிழை உணரிகள் உட்பட, முந்நூற்றுக்கு மேற்பட்ட உணரிகளைப் பதித்தனர்.

உணரி எண்ணைத் தரும். பாலத்தை மூடும் துணிவைத் தராது. மனச்சான்றும் நம் விலகலைச் சொல்லும். திருந்துதல் நம் செயல். ஆதலின் நாம் இரண்டைக் கேட்டுக்கொள்வோம்: நம்மருகே பிணைப்புறாத இழை எது? அது இறுதியாகச் சொன்னதை நாம் என்ன செய்தோம்?