அடுப்புக்கு மேலே ஒரு கொடி

ஆனி மாத விடியல். நேற்று மாலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. அட்டனுக்கு அருகே வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது என்று பிற்பாடு படித்தேன். சிறுவயதில் எங்களுக்கு இருந்த மழைக்கணக்கு வேறு. ஒரு சட்டை காய எத்தனை நாள் என்பதுதான் அது. தை, மாசியில் அரை நாள். ஆனி, ஆடியில் மூன்று நாள். சில கிழமைகளில் துணி காயவே காயாது, சொட்டுவது மட்டும் நிற்கும்.

அடுப்புக்கு மேலே அம்மா ஒரு கொடி கட்டியிருந்தார். பழைய கூடைக் கயிறு அது. மழைக்காலம் முழுக்க எங்கள் துணியெல்லாம் அதில்தான் காய்ந்தது. கவாத்து வெட்டிய தேயிலை வாதுதான் விறகு. அது ஈரமாக இருந்தால் காம்பரா முழுக்கப் புகை, கண் எரியும், ஆனாலும் துணி காயும். இன்றைக்கும் எங்காவது தேயிலை விறகுப் புகை வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சோறு அல்ல, என் பள்ளிக்கூடச் சட்டை.

*

அந்தச் சட்டை வெள்ளை. இந்த நாட்டில் பள்ளிச் சீருடை எல்லா ஊருக்கும் வெள்ளைதான், கடலோரத்துக்கும் மலைக்கும் ஒன்றே. அம்மா பீலியடியில் சன்லைட் கட்டி போட்டுத் துவைத்து, நீலம் முக்கி, பிழிந்து கொண்டுவருவார். இரவு முழுக்க அடுப்புக்கு மேலே தொங்கி, காலையில் அது மெல்லிய பழுப்பாக இறங்கும். டவுன் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அழுகை வரும். அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் இன்னொரு முறை துவைத்திருப்பார்.

1993இல், பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாக வரத் தொடங்கியது. அந்தத் துணி வீட்டுக்கு வந்த அன்று அப்பாயி அதை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார். "இதுக்கு எவ்வளவு பிடிப்பாங்க?" என்று கேட்டார். ஒன்றும் பிடிக்கமாட்டார்கள் என்றோம். அவர் நம்பவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

*

அப்பாயியிடம் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. சொரசொரப்பானது, நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். அவருடைய அம்மா காலத்தில் வாங்கியது என்பார். மழையில் அதுவே குடை, இரவில் அதுவே போர்வை.

தமிழ்நாட்டின் வெயில் ஊர்களிலிருந்து உடுத்த பருத்தித் துணியோடு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து மேலே ஏறிய எங்கள் முன்னோருக்குக் குளிர் புதிது. நுவரெலியா 1800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை மாதத்தில் சில விடியல்களில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். தோட்டம் கம்பளி கொடுத்தது. துரைமார் தங்கள் ஆங்கிலத்திலும் அதைக் 'கம்ப்ளி' என்றே எழுதிவைத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. அரிசிக்குப் பிடித்தது போலவே கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். இப்படி ஏறிய கடனோடுதான் ஓர் ஆள், ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கீழ் இருந்தார். ஒரு கூட்டம் தோட்டம் மாறவேண்டுமென்றால் அதன் கடனை எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் போகலாம். அந்தச் சீட்டுக்குப் பெயர் துண்டு. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

தோளில் போடுகிற துணியும் துண்டு. ஆளைக் கட்டிவைத்த கடதாசியும் துண்டு. இந்த ஒரு சொல்லின் முன்னால் நான் நெடுநேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.

*

தீபாவளிக்கு இன்றும் தோட்டத்தில் முற்பணம் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு அட்டன் கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போகிறோம். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. புதுச்சேலையின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைக்கும்போது அதன் காசு இன்னும் கட்டி முடிந்திருக்காது.

அதனால்தான் எங்கள் பெண்கள் ஒரு சேலையை லேசில் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். முதல் வருடம் அது கோவிலுக்கும் கல்யாணத்துக்கும். பிறகு டவுனுக்கு. பிறகு மலைக்கு. அவர்கள் வேலைக்குப் போகும்போது எங்களை விட்டுப்போன பிள்ளைக் காம்பராவில் வரிசையாகத் தொங்கிய தொட்டில்கள் எல்லாம் அம்மாமாரின் பழைய சேலைகள்தாம். நானும் அப்படியொன்றில் தூங்கியவன். தொட்டில் கிழிந்தால் தலையணை உறை, அதுவும் நைந்தால் கரித்துணி.

*

அம்மா மலைக்கு உடுத்திப் புறப்படுவதைப் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், குப்பி லாம்பு வெளிச்சத்தில். பழைய சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகுவார். மேலே அப்பாவின் கைநீளச் சட்டை. அதற்கும் மேலே, இடுப்பைச் சுற்றிப் படங்கு. முன்பு அது சணல் சாக்கு, பிறகு பிரித்த உரச்சாக்கு, இப்போது தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு. கயிற்றால் இறுக்கிக் கட்டும்போது மூச்சை ஒரு தரம் உள்ளே இழுத்துக்கொள்வார். தேயிலை இடுப்புயரம். நிரைக்குள் நடந்தால் நனைந்த வாது வயிற்றை உரசிக்கொண்டே இருக்கும். படங்கு இல்லையென்றால் ஒரே நாளில் சேலையும் கிழியும், தோலும் கிழியும்.

கடைசியில் தலைக்கு. ஒரு துணியை நாலாய் மடித்து உச்சியில் வைத்து, அதன் மேல் முக்காடு. கூடைக் கயிறு வந்து அழுத்துவது அந்த மடிப்பின் மேல்தான். மாலையில் முக்காட்டை அவிழ்க்கும்போது முடியில் ஒரு பள்ளம் தெரியும். அம்மா வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. தலை வாரிவிடும்போது என் மகளின் விரல் இன்னும் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கிறது.

தேயிலைப் பெட்டிகளில் போடும் படங்களைப் பார்க்கிறேன். பளிச்சென்ற சேலை, நெற்றியில் பொட்டு, சிரித்த முகம். படங்கை மட்டும் அந்தப் பெட்டிகளில் நான் கண்டதில்லை. மலையில் உழைக்கிற பெண்ணின் உடுப்பு அந்தப் படங்குதான். அதை விட்டுவிட்டு வரைந்த படம் அவளுடைய படம் அல்ல.

*

கொழுந்தின் சாறு கையில் பட்டால் கறுக்கும். துணியில் பட்டாலும் கறுக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது முழுதாகப் போகாது. அம்மா அந்தக் கறையோடு மல்லுக்கட்டியதில்லை. "அது நம்ம கறை" என்று அலசிப் போட்டுவிடுவார்.

*

தங்கச்சி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் போனாள். 1978இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் அது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து மட்டும் நாலு பிள்ளைகள் அங்கே கார்மெண்ட் வேலைக்குப் போனார்கள். கடலோர வெக்கையில், குளிர் நாட்டுக்காரர்கள் போடும் ஜக்கெட்டுக்கு அவள் கொலர் தைத்தாள். ஒரு நாளில் எத்தனை கொலர் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கிலோ, அவளுக்குக் கொலர்.

ஏற்றுமதியில் மிஞ்சியவை இந்த மலைக்கும் வந்து சேருகின்றன. நுவரெலியா பேல் பஸாரில் அந்த மாதிரி ஜக்கெட்டுகள் மலையாய்த் தொங்குகின்றன. சித்திரையில் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். நானும் ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்க்கவில்லை. முதலில் கொலரைப் புரட்டி, உள்தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். தங்கச்சி தைத்ததாக இருக்குமோ என்று தேடினார். பிறகுதான் போட்டுக்கொண்டார். குளிருக்கு நல்லது என்றார்.

*

அப்பாயி 1998இல் போனார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய பாய், தலையணை எல்லாவற்றோடும் அந்தக் கம்பளியையும் எரித்துவிட்டோம். வழக்கம் அப்படி. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்று எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறைக்கு முந்திய பொருள் எதுவும் கிடையாது.

கம்பளைக்குப் பக்கத்தில், பழைய லயமொன்றில், 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. உங்கள் வீட்டு அட்டாலியில் பழைய கம்பளியோ சணல் படங்கோ கிடந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எரித்துவிடாதீர்கள். ஒரு நல்ல வெயில் நாள் பார்த்துக் காயவைத்து, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.