டிக்கி மூடியில் ஓர் அலங்காரம்

எங்கள் காரின் டிக்கி மூடியில் நானும் மகனும் பூட்டிய ஸ்பொய்லர் ஒரு வேலையும் செய்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஓடும்போது கூரையை வளைந்து கடக்கும் காற்று வேகம் பிடிக்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து, வண்டியின் பின்பக்கம் மேலே இழுபடுகிறது. அந்தக் காற்றோட்டத்தைக் குலைத்து, பின்சக்கரங்கள் தரையை விடாமல் பற்றியிருக்கச் செய்வதற்காக உண்டானதுதான் ஸ்பொய்லர். 1961இல் ஃபெராரி தன் பந்தயக் காரின் வாலில் ஒரு சிறு தகட்டை நிமிர்த்தி வைத்ததிலிருந்து இது உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 140 கிலோமீட்டரில் கிடைப்பதில் காற்பங்குதான் 70இல் கிடைக்கும். இலங்கையில், அதிவேகப் பாதைகளை விட்டால், ஊருக்கு வெளியே காருக்கு உச்சம் 70, ஊருக்குள் 50. இறத்தோட்டைப் பக்கம் ஏறுகிற வளைவுகளில் 40 போனாலே அதிகம்.

மகன் இதையெல்லாம் கணக்குப் போட்டே காட்டினான். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவன். "அம்மா, இது வெறும் அலங்காரம். தெரிஞ்சிக்கிட்டு வாங்குங்க" என்றான். தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். ஆசைப்பட்டது நான். கார் ஓட்டுவதும் நான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது பிடிபடவில்லை. போயா தினங்களில் வெள்ளைச் சேலை உடுத்தி மாத்தளை அளுவிகாரைக்குப் போய் எட்டுச் சீலம் எடுப்பவர். அவர் என்னைக் கேட்டது கிண்டலில்லை, அக்கறை. பள்ளிக்கூடத்தில் இந்துநாகரிகம் படிப்பிக்கிற நீங்கள், பயனில்லாத ஓர் அலங்காரத்துக்குக் காசையும் மனசையும் செலவழிப்பது சரியா, டீச்சர் என்றார். அந்தக் கேள்வியைச் சும்மா தட்டிவிட முடியாது. எட்டுச் சீலத்தில் ஏழாவது, ஆடல் பாடல்களோடு மாலை, வாசனை, பூச்சு, அணிகலன் ஆகியவற்றையும் விலக்கச் சொல்கிறது. அந்த விதி அடங்கிய திரிபிடகம் வாய்மொழியாகவே வந்து, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், ஓலையில் முதன்முதலாக எழுதப்பட்ட இடம் என்று மரபு சொல்வது இதே அளுவிகாரையைத்தான். அலங்காரத்தை விடு என்ற சொல் எழுத்தாகப் பதிந்த ஊரில் இருந்துகொண்டு அலங்காரம் செய்கிறோம். அதற்கு ஒரு நியாயம் என்னிடம் இருக்க வேண்டும்.

எளிதான பதில் ஒன்று கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் முத்துமாரியம்மன் கோயிலைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு எழுந்த கோயில். கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து நடந்து வந்த சனங்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் தாக்கப்பட்ட கோயிலும் அதுதான். இன்று அதன் இராஜகோபுரம் 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. அந்தக் கோபுரத்தின் மேல்நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்களின் முகத்தைக் கீழே நின்று பார்த்தால் சரியாகத் தெரியாது. தேரில் செதுக்கிய யாளி எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. பயன் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு வந்தால் இவற்றில் பெரும்பகுதியை இறக்கிவிட வேண்டியதுதான்.

ஆனால் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கோபுரம் அம்மனுக்கு. ஸ்பொய்லர் யாருக்கு? தெய்வத்தின் அலங்காரத்தைக் காட்டி என் அலங்காரத்துக்கு நியாயம் தேடுவது நேர்மையாகப் படவில்லை. அதோடு, என் சொந்தச் சமயமே எனக்கு எதிராக ஒரு கதையை வைத்திருக்கிறது. வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லும் கதை. திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோயில் கட்டக் காசு இல்லை. மனசுக்குள் கட்டினார். அதே நேரம் காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் பெருங்கோயில் எடுத்தான். இருவரும் ஒரே நாளைக் குடமுழுக்குக்குக் குறித்தபோது, நாளை தள்ளிவை என்று இறைவன் சொன்னது மன்னனிடம். கண்ணுக்குத் தெரியும் அழகு தோற்று, காணாத கோயில் வென்றது. அக்காவின் பக்கம் நிற்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெரிய புராணத்தில் அந்தப் பகுதியை மறுபடி எடுத்து வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பூசலார் மனசில் கட்டியது மொட்டைக் கோயில் அல்ல. பொருளைச் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், இராத்திரித் தூக்கத்தைவிட்டு வரிவரியாக எழுப்புகிறார். சிகரம் வைத்த பிறகு சுதை வேலையும் செய்கிறார். கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. பார்ப்பதற்கு ஒருவருமே இல்லாத கோயிலுக்குச் சுதை வேலை! வெறும் எண்ணம் போதும் என்றால் ஒரே நொடியில் கட்டி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆக அந்தக் கதை தள்ளிவைப்பது அலங்காரத்தை அல்ல, பார்வையாளர்களை. யாரும் பாராத இடத்திலும் அதே கவனத்தோடு கை வேலை செய்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

இந்த இடத்தில்தான் டிக்கி மூடி எனக்கு ஒரு பாடமாகியது.

ஸ்பொய்லர் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மகன் தேடிப் பிடித்த பழையது. பிளாஸ்டிக் வார்ப்பு, அடியில் போல்ட் பூட்டும் கால்கள். கராஜில் கொடுத்தால் பெயின்ட் பாஸ் ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தருவார். நாங்களே செய்வோம் என்றேன். உழவாரம் ஏந்திய அப்பர் சுவாமிகளைப் பற்றிப் படிப்பிக்கிறேன். கைத்தொண்டைச் சரியை என்று கரும்பலகையில் எழுதுகிறேன். என் கைக்குப் பிடித்த ஒரு வேலையை என் கையே செய்யட்டும் என்று இருந்தது.

முதலில் மூடியைக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்தோம். மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நடுக்கோட்டை அளந்து குறித்து, ஸ்பொய்லரின் அடியைக் கடதாசியில் வரைந்து வெட்டி, அதை வைத்துத் துளை விழும் இடங்களைப் புள்ளியிட்டோம். இடமும் வலமும் ஒரே அளவா என்று அளந்த பிறகு மறுபடி அளந்தோம். மூடியின் அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிறது. புள்ளி அதன்மேல் விழுந்தால் நட்டை முறுக்க இடமிருக்காது. அதையும் விரலால் தடவிப் பார்த்தாயிற்று. பிறகு சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு. டிரில் பிட் பெயின்டில் வழுக்கி ஓடாமல் இருக்க அந்தச் சின்னப் பள்ளம் வேண்டும்.

டிரில் மெஷினை எடுத்ததும் நின்றுவிட்டேன். ஓட்டையில்லாத தகட்டில் ஓட்டை போடப் போகிறேன். திரும்ப எடுக்க முடியாத காரியம். வினையைப் பற்றி எத்தனையோ பாடக்குறிப்பு எழுதியிருக்கிறேன். செய்யப்படும் நொடியில் அது புதிதாய் ஏறுகிறது, பலன் பிறகு வரும், வராமல் போகாது என்று. தகட்டிலும் அப்படித்தான். துளையின் ஓரத்தில் வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. மாத்தளையின் மழையும் விடிகாலைப் பனியும் அதைத் தேடி வரும். அதைச் சும்மா விட்டால் நீர் உள்ளே கசிந்து, கம்பளத்தின் அடியில் தங்கி, ஸ்பெயார் வீல் கிடக்கும் குழியை அரிக்கும். மேலே அழகாக நிற்கும். கீழே வண்டி செத்துக்கொண்டிருக்கும். மேலே பார்ப்பவர் யாருக்கும் அது தெரியாது.

அதனால் நேரத்தில் பெரும்பகுதி போனது துளை போட்டதில் அல்ல, அதற்குப் பிறகு. சின்ன பிட்டில் தொடங்கித் துளையைப் பெரிதாக்கி, பிசிறை அரத்தால் தேய்த்து, இரும்புச் சீவலை ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்தோம். ஒரு சீவல் தங்கினாலும் அது துருப்பிடித்துப் பெயின்டில் மஞ்சள் கறை வைக்கும். வெட்டுவாய்க்கு பிரைமர் தடவி, காயவிட்டு, மேலே பெயின்ட். கால்களின் அடியில் ரப்பர் ஷீட், துளையைச் சுற்றி சிலிக்கன். உள்பக்கம் அகன்ற வாஷர் போட்டு நட்டைக் கையால் முறுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர். மிஞ்சி இறுக்கினால் பிளாஸ்டிக் கால் வெடிக்கும். பிறகு குழாய்த் தண்ணீரை மூடிமேல் அடித்து, மகன் டோர்ச் லைட்டோடு உள்ளே படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

துளையே போடாமல் இருபக்கப் பசை டேப்பால் ஒட்டுவோரும் உண்டு. நல்ல டேப் என்றால் அதுவும் பிடிக்கும். முழுப் பலம் வர 72 மணித்தியாலம் விட வேண்டும், அதுவரை கழுவக் கூடாது. எங்களுடையது போல்ட்டுக்கென்றே வார்த்தது, ஒட்டினால் நிற்காது. தாமே பூட்டியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. ஜேர்மனியில் 1973இல் பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் விற்றபோது, பின்சிறகை வீதிக்கு அந்நாட்டுச் சட்டம் விடவில்லை. நிறுவனம் அதை டிக்கிக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டது. வாங்கினவர் தாமே பூட்டிக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற அந்தச் சிறகுகளில் பலவும் வீட்டு முற்றத்தில் பூட்டப்பட்டவை என்று மகன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இந்த வேலையிலிருந்து வந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய காரை மாற்றும் பேச்சே போயிற்று. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்தது இந்தக் கார். அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதுதான். தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போடுகிறோம். வர்ணம் பூசியதால் பால் கூடிவிடாது. பயன்பட்டதற்குப் பயனில்லாத ஒன்றைக் கொடுத்துத்தான் மனிதன் நன்றி சொல்கிறான். பயனுள்ளதையே கொடுத்தால் அது பராமரிப்பு, அடுத்த வேலைக்கான முதலீடு. கொம்பில் வர்ணம் ஏறும்போது மாட்டிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஆகிறது. எங்கள் காருக்கு நான் கொடுத்தது அப்படிப்பட்ட ஒன்று.

ஆனால் வர்ணம் மாட்டின் கண்ணை எரிக்கக் கூடாது. இதுதான் என் எல்லை. அலங்காரம், தான் நிற்கும் பொருளைத் தின்னத் தொடங்கினால் அது அலங்காரம் இல்லை, ஆணவமலம். பின்னால் வருபவரைத் துன்புறுத்தினாலும் அப்படியே. 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னபோது பலருக்குக் கோபம். சாமி படத்தில் கை வைப்பதா என்றார்கள். எனக்கும் சில இடங்களில் அது கடுமையாகப் பட்டது. ஆனாலும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும் ஆளைக் கிழிக்கும் கம்பியையும் சாமியின் பெயரால் காப்பாற்ற முடியாது. எங்கள் ஸ்பொய்லரின் ஓரம் மழுங்கியது. பிரேக் லைட்டையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கவில்லை. கண்ணாடியில் பின்வீதி முழுவதும் தெரிகிறது.

அக்கா பொறுமையாகக் கேட்டார். நாலந்தா கெடிகேயைப் பற்றிக்கூடப் பேசினோம். ஏ9 வீதியில் தம்புள்ளைக்குப் போகும் வழியில் பல்லவர் பாணியில் நிற்கும் அந்தச் சின்னக் கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போயிருக்கும். கல்கல்லாகப் பிரித்து எடுத்து, அணைக்கட்டுமேல் மறுபடி அடுக்கினார்கள். சுவரும் கூரையும் நின்றால் போதும் என்று விட்டிருந்தால் வேலை எவ்வளவோ குறைந்திருக்கும். மாடக்கூடுகளையும் குபேரன் சிற்பத்தையும் சேர்த்தே தூக்கினார்கள். பௌத்தரா இந்துவா யார் கட்டியது என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்த அலங்காரத்தைக் காப்பாற்றியதில் மட்டும் இரு பக்கமும் ஒரே மனசு. அக்கா அதை ஒப்புக்கொண்டார்.

ஒன்றை மட்டும் விடவில்லை. சீலத்தில் விலக்குவது உடம்பின் அலங்காரத்தை என்றாலும், ஆசைக்கு உடம்பு எது, வண்டி எது என்று வித்தியாசம் தெரியாது என்றார். நன்றி என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு நன்றி, எவ்வளவு ஆசை என்று பிரித்துக் காட்ட முடியுமா, டீச்சர்? முடியாது என்றுதான் சொன்னேன். மாலை கட்டுகிற கைக்கும் மாலை அழகாய் வந்ததில் ஒரு பெருமை இருக்கும். அதற்காக மாலை கட்டாமல் இருப்பதா? கட்டிக்கட்டித்தான் அது கரைய வேண்டும் என்று எங்கள் வழி நம்புகிறது. கட்டாமல் விட்டுப் பார் என்று அவர்கள் வழி சொல்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது விட்டுப் பார்ப்பதில் இருக்கும் துணிவை நான் மதிக்கிறேன். என் வழியில் அப்படி ஒரு நாளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்திருக்கிறது.

மகன் இப்போது அடுத்த திட்டத்தோடு வருகிறான். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால் ஸ்பொய்லரோடு சேர்ந்து நல்ல வடிவாக இருக்குமாம். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில் கல் புடைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டிய ஸ்பிரிங் வளைவில் வண்டியை நம்ப முடியாததாக்கும். வேண்டுமானால் டிக்கியின் உட்பக்கத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடிப்போம், வா என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.