முகவரியும் அடைக்கலப் பொருளே



இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இரண்டாவது சத்திய அணுவிரதம். பொய் கூறாதிருத்தலே இவ்விரதம் எனப் பலரும் எண்ணுவர். ஆனால் உமாசுவாமி ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறார். தவறான நெறியைப் போதித்தல், பிறர் மறைவிற் செய்ததை வெளிப்படுத்தல், பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், பிறர் குறிப்பால் அறிந்த உட்கருத்தைப் புறத்தே பரப்புதல் என்பன அவை.

இவற்றுள் இரண்டாவதும் ஐந்தாவதும் நம் சிந்தனைக்கு உரியன. மறைவிற் செய்ததை வெளிப்படுத்துவோன் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். குறிப்பறிந்து பரப்புவோனும் நடந்ததையே சொல்லியிருக்கலாம். எனினும் அவ்வுண்மை பிறர்க்குத் துன்பம் விளைத்தலால் விரதம் மாசுறுகிறது. சொல் மெய்யா என்பதோடு, அதனை வெளியிடும் உரிமை நமக்கு உண்டா என்பதையும் ஆராய வேண்டும் என்பதே ஆசாரியரின் கருத்தாகும்.

நான்காவதாகிய நியாசாபகாரம் என்பதற்குப் பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விளக்கம் தருகிறார். பொருளை ஒப்படைத்தவன் தொகையை மறந்து குறைத்துக் கேட்க, வைத்திருந்தவன் ‘ஆம், அவ்வளவே’ என்று இசைந்துவிடுதல் அது. அங்கே இழக்கப்படுவது பணம் மட்டுமன்று, நம்பிக்கையுமாம். அக்காலத்தில் பொன்னும் பணமும் அடைக்கலம் வைக்கப்பட்டன. இக்காலத்தில் உறவினரும் நண்பரும் தம் தொலைபேசி எண்ணையும், மின்னஞ்சல் முகவரியையும், வீட்டு விவரத்தையும் நம்மிடம் நம்பித் தருகின்றனர். நம் பயன்பாட்டிற்குத் தந்ததனை ஊரறிய வைப்பதற்கு அவர்கள் இசையவில்லை. ஆகவே முகவரியும் அடைக்கலப் பொருளே.

இதனை விளங்கிக்கொள்ளச் சிவகங்கைச் சீமையின் ஒக்கூரை எண்ணிப் பார்ப்போம். சங்கப் புலவர் மாசாத்தியாரின் பெயரோடு சேர்த்துத் தமிழ் கற்றோர் அறிந்த ஊர் அது. அம்மாவட்டத்துத் திருமலையிலும் குன்றக்குடியிலும் பழந்தமிழ்க் கல்வெட்டுகளோடு கூடிய குகைத்தலங்கள் இருத்தலால், அந்நிலம் நமக்கும் அயலன்று. ஒக்கூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கச் சென்றனர். முதலாளி ஊரில் இருக்க, மேலாளும் அடுத்தாளும் கடலுக்கு அப்பால் இருந்து கடை நடத்தினர். இடையே கடிதமும் கணக்கும் உண்டியலுமே பாலமாயின. எவர் கடன் பெற்றார், எவர் பணம் போட்டு வைத்தார் என்பது பேரேட்டிற்குள் அடங்கியிருக்க வேண்டிய செய்தி. பேரேட்டைத் தெருத்திண்ணையில் விரித்து வைக்கும் கடையை எவர் நாடுவர்?

இன்று அவ்வூர்களின் பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். படைப்பு, திருமணம் என்றால் செய்தி ஒரே நொடியில் நூறு பேர்க்குச் செல்கிறது. நூறு முகவரிகளும் நூறு பேர் கண்ணிலும் படுமாறு அது அமைந்தால், அவர்களுள் ஒருவர் வேறு குழுவிற்கு அனுப்ப, அங்கிருந்து முன்பின் அறியாதார் கைக்கும் போகும். ‘பொங்கல் வரை வீட்டில் ஆளில்லை’ என்ற ஒரு வரியும் அதனுடன் சென்றால், பூட்டிய வீட்டின் சாவியைத் தெருவில் எறிந்ததற்கு ஒப்பாகாதோ?

நம் சமூகமோ சிறியது. ஒருவரை ஒருவர் அறிந்தது. வரன் தேடும் பெண்ணின் ஜாதகம், படம், பணியிடம், தொலைபேசி எண் ஆகியவை குழுக்குழுவாகச் சுற்றுகின்றன. மருத்துவ உதவி வேண்டுவோரின் நோய்க்குறிப்பும் அவ்வாறே பரவுகிறது. உதவும் எண்ணம் நன்று. ஆயினும் அப்பெண்ணும் அந்நோயாளியும் படும் கூச்சத்தையும் அச்சத்தையும் நாம் எண்ண வேண்டாமா?

இதனைச் சிறு பிழை எனத் தள்ள இயலாது. 2021 செப்டம்பரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து மீட்கப்படத் தகுதியுடையோர்க்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றில் 245 பேரின் முகவரிகள் அனைவர்க்கும் புலப்பட்டன. மறைத்து அனுப்பும் இடத்தில் இடவேண்டியதைப் பெறுநர் இடத்தில் இட்டதே காரணம். அதற்கு விடையிறுத்த ஒருவர், எல்லார்க்கும் செல்லும் வகையில் தாம் இருக்கும் இடத்தையும் தெரிவித்துவிட்டார். பட்டியல் தாலிபான் கையிற் சிக்கின் உயிர்க்கே கேடு. அவ்வமைச்சகத்திற்கு 2023 டிசம்பரில் 3,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

அனுப்பியவர் எவரையும் துன்புறுத்த எண்ணவில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தையே முன்வைக்கிறது. பேச்சு வழக்கில் ‘மிகச் சிறப்பு’ என்று பொருள்படும் இச்சொல், ஆகமத்தில் விழிப்பின்மையைக் குறிக்கும். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது, ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் பார்த்துச் செய்தலாம். செய்தியை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் நாமும் அவ்விழிப்பில் ஒரு சிறு பங்கேனும் கைக்கொள்ளலாமே!

கடைப்பிடிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. பலர்க்கு மின்னஞ்சல் விடுக்குங்கால் பெறுநர் இடத்தில் தம் முகவரியையும், பிறர் முகவரிகளைப் பி.சி.சி. என்னும் இடத்திலும் இட்டால், ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியாது. வந்த செய்தியை மேலனுப்பும் முன், அதிலுள்ள பழைய பெயர்களையும் முகவரிகளையும் நீக்குக. ஒருவர்க்கு உரிய விடையை எல்லார்க்கும் அனுப்பாதீர். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்ற உறுப்பினர்க்கும் தெரியுமாதலால், இசைவு பெற்றே சேர்ப்பீர். வரன் விவரத்தைப் பெண்ணின் இசைவோடு உரிய குடும்பத்திற்கு மட்டும் அனுப்பி, பேச்சு முடிந்ததும் அழித்துவிடுக. பிழை நேர்ந்தால் மறையாது உரியவர்க்கு அறிவித்து, பெற்றவர்களை அழிக்க வேண்டுக. அதுவே அதற்குரிய பிரதிக்கிரமணம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகக் கையாளும் விவரங்கள் அச்சட்டத்திற்கு உட்படுவதில்லை. சட்டம் நம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது. வாயிலுக்கு உட்புறம் காவல் நிற்பது நாம் ஏற்ற விரதமே.

தசலட்சணப் பருவம் நிறைவுற்று க்ஷமாவணி நாள் வருங்கால், அறிந்தார் அனைவரிடமும் பொறுத்தருள வேண்டிச் செய்தி விடுப்போம். அச்செய்தியே அத்தனை பேரின் முகவரியையும் திறந்து காட்டுமாயின், பொறுத்தருள வேண்டிய பிழை ஒன்று அதனாலேயே கூடிவிடும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அனுப்புவோம். அடைக்கலம் காப்போம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!