வயாவும் மலைவழியும்

சுபாங் ஜெயாவின் வீடுகளில் பள்ளி விடுமுறை நெருங்குந்தோறும் மலைப்பயணம் பற்றிய பேச்சு எழும். கெந்திங் மலை ஒன்றரை மணி நேர வழி. கேமரன் மலைக்கு அரைநாள் வேண்டும். வீட்டில் சூலுற்ற மருமகள் இருப்பாளாயின், அவளைப் பொறுத்தவரை பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “இந்த நேரத்தில் உனக்கு எதற்கம்மா மலை?” என்பார் மாமியார். அவள் விருப்பம் யாது என வினவுவோர் அரியர்.

அன்பிலிருந்து பிறக்கும் தடை அறத்தின்பாற்பட்டதா என்பது எளிய வினா அன்று. தடுப்போர் உள்ளத்தில் தீமை இல்லை. கருவைக் காக்கும் கவலையே உண்டு. எனினும், காரணம் அறியாத கவலை நாளடைவில் ஆணையாகிவிடுகிறது. ஆதலின் மலை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உயரம் மிக மிகக் காற்றழுத்தம் குறையும். ஒவ்வொரு மூச்சிலும் உடல் பெறும் உயிர்வளியும் குறையும். தென்னமெரிக்காவில் 3,600 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸ் நகரில் பிறக்கும் குழந்தைகள் சமவெளிக் குழந்தைகளைவிடச் சராசரியில் எடை குறைந்திருத்தல் ஆய்வாளர் கண்ட உண்மை. மலேசிய மலைவாசத் தலங்களோ அத்தகையன அல்ல. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர்; கெந்திங் 1,800 மீட்டரை ஒட்டியது. 2,500 மீட்டருக்குக் கீழே சில நாள் தங்குதல் நலமுள்ள கருவுற்ற பெண்ணுக்குப் பொதுவாகத் தீங்கு செய்யாது என்பதே மருத்துவர் கருத்து.

அஞ்சத்தக்கது உயரத்தினும் வழியே. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதையின் வளைவுகள் குமட்டலை மிகுவிக்கும். நெடுநேரம் அசையாது அமர்தல் காலில் குருதி உறைய இடந்தரும். இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் இறங்கி நடத்தல் நன்று. இருக்கைப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மழைக்காலத்தில் மண் சரியும். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் சரிந்த மலைச்சரிவு 31 உயிர்களைக் கொண்டது. கேமரன் மலையில் குருதிப்போக்கு நேர்ந்தால் பெரிய மருத்துவமனைக்கு ஈப்போ வரை இறங்க நேரிடலாம். ஆதலின் 14 முதல் 28 வாரம் வரையிலான இடைக்காலமே பயணத்திற்கு ஏற்றது. நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பினும், குருதியழுத்தம் மிகினும், குருதிச்சோகை கடுமையாயினும் வீட்டிலிருத்தலே தக்கது.

இங்கே ஒரு முரண் கருதத்தக்கது. சுபாங் ஜெயா, 1976 முதல் சீபீல்டு ரப்பர்த் தோட்ட மண்ணில் எழுந்த நகரம். தோட்டப்புறங்களில் பாட்டிமார் நிறைசூலோடும் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளிலும் தமிழ்ப்பெண்கள் கூடை சுமந்து கொழுந்து கிள்ளினர். சூலுற்றாளுக்கு மேடு ஆகாது என்று அந்நாளில் தடுத்தவர் யார்? உழைப்புக்கு இசைந்த உடல் உவகைக்கு மட்டும் இசையாமற்போவது எங்ஙனம்?

சூலுற்றாளின் வேட்கைக்குப் பழந்தமிழில் ‘வயா’ எனத் தனிச்சொல்லே உண்டு. அவ்வேட்கையை நிறைவேற்றுதல் கணவன் கடன் எனக் கருதிய மரபு இது. புளிக்காய் கேட்டால் ஊரெல்லாம் தேடிக் கொணரும் வீடு, மலைக்காற்றுக் கேட்டால் முகம் சுளிக்கிறது!

அவள் ஓருயிர் அல்லள், ஈருயிர்; ஆகவே பிறரும் முடிவு செய்யலாம் என்பர் சிலர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. குழந்தைக்குக் குடும்பம் முழுதும் பொறுப்புடையதே. ஆயினும், அக்குழந்தைக்கு நேரும் தீங்கை முதலில் தன் உடலில் தாங்குபவள் அவளே. அவளை விலக்கி வைத்து அக்குழந்தைக்காகப் பேசுதல் பொருந்தாது. பொறுப்பில் பங்குடையோர் அறிவைப் பகிரலாம், துணை செல்லலாம், ஐயத்தை எடுத்துரைக்கலாம். அவள் வாயை அடைத்தல் அப்பங்கினுள் அடங்காது.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரும் உடன் செல்லட்டும். எத்தனையாம் வாரம், எந்த மலை, எந்தப் பாதை என்பவற்றை மருமகளே மருத்துவரிடம் எடுத்துக் கூறட்டும். அவர் காரணங் காட்டி ‘வேண்டா’ என்பாராயின், கேமரன் மலை மறு ஆண்டும் அங்கேதான் இருக்கும்; கைக்குழந்தையோடு போகலாம்.