முதலைக்குக் காது சிறிசு

அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம் ஒரு வசைச்சொல் புழங்குகிறது: முதலை. பெரிய வாய், சின்னக் காது. கண்டம் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒலிபரப்புவான். பதிலுக்கு யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது. தினமும் நாலு மீட்டிங்கில் உட்காருகிறவன் என்பதால் எனக்கு இந்தச் சொல் உடனே பிடித்துப்போனது.

குறைந்த அதிர்வெண்களுக்குப் போனால் முதலையாக இருப்பதே கஷ்டம். 136 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அமெச்சூர்களுக்கென்று ஒரு குறுகலான பட்டை உண்டு. 2007 உலக வானொலி மாநாட்டில் கிடைத்தது. அலைநீளம் சுமார் 2200 மீட்டர். முறையான கால் அலை ஆன்டெனா வேண்டுமென்றால் 500 மீட்டருக்கு மேல் உயரமான கம்பம் நட வேண்டும். யார் வீட்டுக் கொல்லையில் நடுவது? 15 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டுகிறவர் 1000 வாட் ஊட்டினால் அதில் ஒரு வாட் அலையாக வெளியே போனாலே புண்ணியம். மிச்சமெல்லாம் மண்ணையும் சுருளையும் சூடாக்குகிறது. விதியும் அந்த ஒரு வாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. ஆக, கத்துவதற்கு வழியில்லை. காதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இது பழைய பாடம். 1921 பிப்ரவரியில் அமெரிக்க அமெச்சூர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். மறுகரையில் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த முறை அனுப்பும் கருவிகளை மேம்படுத்தியதோடு நிற்காமல், பால் காட்லி என்ற ஆளையே கப்பலேற்றி அனுப்பினார்கள், கேட்பதற்காக. அவர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில், டிசம்பர் குளிரில், கடலோர வயலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்காவை நோக்கி ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியைத் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே இழுத்துக் கட்டினார். கனெக்டிகட்டிலிருந்து அனுப்பிய நிலையம் கேட்டது.

அந்தக் கம்பிக்கு அதை உருவாக்கிய ஹரால்ட் பெவரேஜின் பெயர். ஒலிபரப்ப உதவாத ஆன்டெனா அது. கொடுப்பதில் பெரும்பகுதியை மண் தின்றுவிடும். வந்து சேரும் சிக்னலையும் பலவீனமாகத்தான் தரும். ஆனால் இரைச்சலை அதைவிட அதிகமாகக் குறைத்துவிடும். குறைந்த அதிர்வெண்களில் இரைச்சல் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வெட்டும் மின்னல்கூடக் கரகரவென்று வந்து சேரும். வேண்டிய குரலோ ஒரே திசையிலிருந்து வருகிறது. மற்ற திசைகளைக் கம்பி மறுத்துவிட்டால், மிஞ்சிய சன்னமான குரலைப் பெருக்கிக்கொள்ளலாம். மறுக்காமல் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும், ஒரு பைசா பிரயோஜனமில்லை.

400 மீட்டர் கம்பிக்கு என் சென்னை அடுக்ககத்தில் வழியில்லை. பால்கனியில் ஒரு மீட்டர் விட்டத்தில் ஒரு லூப் வைத்திருக்கிறேன். 1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்பதோடு சரி. சின்ன லூப்பின் குணம் விசித்திரமானது. எந்தத் திசையில் நன்றாகக் கேட்கிறது என்பது மங்கலாகத்தான் தெரியும். எந்தத் திசையில் அது செவிடு என்பது கத்தி மாதிரி தெளிவாக இருக்கும். அதனால் அதைத் திருப்பும்போது யாரைத் தேடுவது என்று யோசிப்பதில்லை, யாரைக் கழிப்பது என்றே யோசிக்கிறோம். கேட்பதைப் பணிவான குணமாக நினைத்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

நான் கழிக்க வேண்டியிருந்தது மேல்வீட்டு விளக்கை. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும்; பொழுது சாய்ந்தால்தான் தொலைவு திறக்கும். பொழுது சாய்ந்தால்தான் விளக்கும் போடுவார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் வைத்து, படியேறி, ஒவ்வொரு கதவருகிலும் கேட்டுக்கொண்டே போய்க் கண்டுபிடித்தேன். மலிவான எல்இடி டிரைவர். நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டு வெளியேறாமல் தடுக்க ஒரு சுருளும் ஓரிரு மின்தேக்கியும் போதும், போடவில்லை. வீட்டு ஒயரிங் முழுக்க அதற்கு ஆன்டெனா ஆகிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். "அப்படி என்னதான் தம்பி வருது அந்த ரேடியோல?" என்றார்.

"பெரும்பாலும் ஒண்ணும் வராதுக்கா."

அவர் பையன் அந்த விளக்கடியில்தான் பிளஸ் டூவுக்குப் படிக்கிறான். ஒன்றும் வராத ரேடியோவுக்காக அவனிடம் எதைக் கேட்பது? ராத்திரி பத்து மணிக்கு யாராவது பறையடித்தால் வாதாட வேண்டியதில்லை, எல்லோர் காதிலும் விழும். இங்கே கேட்க முயல்பவனுக்கு மட்டுமே இழப்பு இருக்கிறது. முயல்வதை அவன் நிறுத்திக்கொண்டால் இழப்பும் காணாமல் போய்விடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரைச்சல் மட்டம் ஒவ்வொரு விளக்காகத்தான் உயருகிறது. எந்த ஒரு விளக்கும் குற்றவாளி இல்லை. ஒருநாள் ஊரே செவிடாகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. பாதிக்கப்பட்டவன் நான் மட்டும்தானா? எங்கோ ஒருவர் கூப்பிடுகிறார். அந்தக் குரல் கடல் தாண்டி வந்து, என் பால்கனிக்குப் பத்து மீட்டர் முன்னால் மூழ்கிவிடுகிறது. பதில் வராதபோது அவர் என்ன நினைப்பார்? ஆளில்லை என்றுதான். அவருக்கு நான் ஏதோ கடன்பட்டிருப்பதாக நினைக்கிறேன். அவர் பெயர் தெரியாது, கூப்பிட்டாரா என்றே தெரியாது. இருந்தும் அந்தக் கடனில் அக்காவுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்பேன். பெரிய பங்கு, அந்தச் சுருளைப் போடாமல் சில ரூபாயை மிச்சம் பிடித்தவனுடையது. அவன் எங்கள் இருவர் கண்ணிலும் படப்போவதில்லை.

அக்கா சம்மதித்தார். டிரைவருக்குப் போகும் ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். வளையம் என் செலவு. விளக்கு எப்போதும் போல எரிந்தது, பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே வந்து பார்த்தால் அந்த உறுமல் நன்றாக இறங்கியிருந்தது. அதுவரை அதற்கு அடியில் கிடந்த வேறொரு ரீங்காரம் மேலே வந்திருந்தது.

மறுநாள் படியில் அக்கா விசாரித்தார்: "இப்ப கேக்குதா தம்பி?"

"கேக்குதுக்கா. எதிர்வீட்டு இன்வெர்ட்டர்."