தொடமாட்டன், பார்க்கிறன்

எங்கள் வீட்டில் இருப்பது பால் பைத்தன் என்ற பாம்பு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் கேட்ட முதல் கேள்வி: "பால் குடிக்குமோ மோனை?" குடிக்காது. பயந்தால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர் அதனால் வந்தது. பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. தற்போது டொரன்டோவின் ஸ்காபரோவில், எங்கள் பேஸ்மென்டில். மகளின் பொறுப்பு என்று பெயர், வேலை எனக்கு.

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த பிறகுதான், இதை யாரிடம் விடுவது என்ற யோசனை வந்தது. செய்யவேண்டியதோ மிகக் குறைவு. புறப்பட நாலு நாள் முன்பு, உறையவைத்த எலி ஒன்றை இளக்கிக் கொடுத்துவிட்டால் போதும்; வளர்ந்த பாம்புக்கு மூன்று வாரப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. நடக்கக் கூட்டிப்போக வேண்டாம், கொஞ்ச வேண்டாம். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, கூட்டின் ஒரு முனை 32 பாகையிலும் மறுமுனை 26 பாகையிலும் நிற்கிறதா என்று பார்த்தால் சரி. ஆனால் தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்தே எடுக்கும் பிராணிக்கு அந்த இரண்டு எண்கள்தான் உயிர். 2013 டிசம்பர் ஐஸ்மழையில் டொரன்டோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. சிலர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

நாய், பூனை பராமரிக்கும் இடமொன்றில் "பாம்பும் எடுப்போம்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். சூட்டு விரிப்பு இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை. எத்தனை பாகை என்றால், "சூடாகத்தான் இருக்கும்" என்றார் பையன். மகளின் தோழி ஒருத்தி ஓடிவந்தாள். பாம்பென்றால் அவளுக்கு உயிர். தினமும் கழுத்தில் போட்டுக்கொள்வாளாம், தன் நண்பர்களுக்கும் காட்டுவாளாம். அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்தியது. மூடியைச் சரியாகக் கொளுவாத ஒரு இரவு போதும்.

நாயை விட்டுப்போனால், திரும்பி வந்ததும் அதுவே சாட்சி சொல்லிவிடும். பார்த்துக்கொண்டவரைக் கண்டு வாலாட்டுகிறதா, பதுங்குகிறதா என்பதில் எல்லாம் தெரியும். பாம்பு சொல்லாது. குளிரில் கிடந்திருந்தால் மூச்சில் சளி கட்டுவது சில வாரம் கழித்துத்தான் தெரியவரும்; அதற்குள் யாருடைய பிழை என்று யார் கண்டார்? ஆகவே நான் தேடியது பாம்புப் பிரியரையே அல்ல என்பது மெல்லத்தான் உறைத்தது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணை, வன்னிக்காரர். பாம்பென்றால் பொல்லைத் தேடும் தலைமுறை. "நான் தொடமாட்டன். பாக்கிறன், சொல்லுறன். அவ்வளவுதான்" என்றார். திறப்பைக் கொடுத்தேன். மூடியைத் திறக்கப் பயந்து, பூவாளியின் மூக்கை வலைக்கு மேலே பிடித்துக் கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றினார். இந்த வழி எங்களுக்கே தோன்றியதில்லை.

ஊரில் ஒருநாள், நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகக் குறிகட்டுவானில் படகுக்கு நின்றோம். காலை ஏழரை, ஸ்காபரோவில் இரவு ஒன்பது. அண்ணையிடமிருந்து வெப்பமானியின் படம் வந்தது: 24. பதறித் தொலைபேசி எடுத்தேன்.

"பேஸ்மென்டைக் கொஞ்சம் கூட்டிவிடுவம் எண்டு காலமை வாக்யூம் போட்டனான். இதின்ரை பிளக்கைக் கழட்டினதை மறந்திட்டன். என்ரை பிழைதான். இப்ப கொளுவியிட்டன்."

அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரியவே வந்திராது. சூடு ஏறிய பிறகு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். படகில் ஏறியபோது எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு பயணத்துக்கும் இவரைத்தான் கேட்பேன் என்று மட்டும் தோன்றியது.

திரும்பி வந்த இரவு பாம்பு மறைவிடத்திலிருந்து தலையை நீட்டி, இரண்டு முறை நாக்கை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. நாங்கள் போனதும் வந்ததும் அதற்கு ஒன்றுதான். கூட்டின் மேல் அண்ணையின் நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. திகதி, காலை எண், மாலை எண். 24-க்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு. கடைசிப் பக்கத்தில் எண்களுக்குக் கீழே ஒரு வரி: "இண்டைக்கு வெளியாலை வந்து என்னைப் பாத்தது."